பத்தொன்பது மில்லிமீட்டர்

ஊசி போடாத டாக்டர் என்றுதான் செராயா தோட்டத்தில் திலகாவுக்குப் பெயர். நாடி பார்க்க மாட்டாள், மருந்துச் சீட்டு எழுத மாட்டாள், கழுத்தில் குழாய் தொங்காது. புக்கிட் ரோத்தான் என்ற ஊரிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலை முடியும் இடத்தில் அறுபத்து மூன்று வீடுகள். அத்தனை வீட்டுக்கும் இருபது வருஷமாக அவள் விளக்கிப் பார்த்துவிட்டாள். "நோயாளியோட ரத்தம், சீழு, சிறுநீரு எல்லாம் லேப்புக்கு வரும். அதுல என்ன கிருமி இருக்கு, எந்த மருந்துக்குச் சாகும்னு நான் பாத்துச் சொல்வேன். அதை வச்சுத்தான் வார்டு டாக்டர் மருந்து கொடுப்பாங்க." எல்லாரும் தலையாட்டிக் கேட்பார்கள். கேட்டு முடித்துவிட்டு, "சரி, அப்ப நீ எப்ப லா நெசமான டாக்டர் ஆவே?" என்பார்கள்.

அந்த நெசமில்லாத டாக்டர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, தன் சொந்த அண்ணன் காலிலிருந்து எடுத்த சீழில் வளர்ந்த கிருமியைக் கண்ணாடி மூடி போட்ட பிளேட்டில் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணிக்குள் அவள் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைப் பொறுத்துத்தான் அண்ணனின் வலது கால் இருக்கும், அல்லது முழங்காலோடு போகும்.

பயம் வந்திருக்க வேண்டும். அழுகையாவது வந்திருக்க வேண்டும். காலையில் பல் தேய்க்கும்போது வரும் என்று பார்த்தாள், வரவில்லை. காரை ஓட்டும்போது வரும் என்று நினைத்தாள், அப்போதும் இல்லை. பசி மட்டும் இருந்தது. அதிலும் ரொட்டி சானாய் சாப்பிட வேண்டும் போல இருந்தது. சீ, என்ன ஜென்மம் என்று தன்மேலேயே ஒரு அருவருப்பு எட்டிப் பார்த்தது, அதுவும் நிற்காமல் போய்விட்டது.

அண்ணன் பெயர் சுகுமாறன். ஐம்பத்திரண்டு வயது, அவளைவிட ஏழு வயது மூத்தவன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். பதினாறு வருஷமாக இனிப்புநீர், சர்க்கரை வியாதி. இருபத்திரண்டு வருஷமாகத் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் ஆடி மாதம் பூக்குழி இறங்குகிறான். முதல் சில வருஷங்கள் நெருப்பு சுட்டது. குழியைத் தாண்டியதும் பால் ஊற்றிய பள்ளத்தில் நின்று பல்லைக் கடிப்பான். பிறகு சுடுவது குறைந்தது, கடைசிப் பத்து வருஷமாகச் சுத்தமாகச் சுடவே இல்லை. குழியில் அவன் மட்டும் அவசரமே இல்லாமல், கடைக்குச் சாமான் வாங்கப் போகிறவனைப் போல நடந்து போவான். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மன் அருள் முற்றிவிட்டது என்றார்கள்.

திலகாவுக்குத் தெரியும், முற்றியது அருள் இல்லை. இனிப்புநீர் கால் நரம்புகளை ஒவ்வொன்றாகச் சாகடித்துவிட்டது. அண்ணன் கால் கணுக்கால் வரைக்கும் மரக்கட்டை. செருப்பில் ஆணி ஏறினாலும் தெரியாது. இதை அவள் நான்கு வருஷத்துக்கு முன்பு ஒருமுறை சொன்னாள். "குழி இறங்காதே அண்ணே, ஒனக்குச் சுடாததுதான் ஆபத்து" என்றாள். சுகுமாறன் சிரித்தான். "எல்லாரும் சுடுதுன்னு அழுவான், நீ ஒருத்திதான் சுடலையேன்னு அழுவுறே" என்றான். சொன்ன விதத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அத்தோடு பேச்சை விட்டாள். விட்டிருக்கக் கூடாது.

இந்த வருஷ ஆடியில் ஒரு தணல் துண்டு அவன் வலது உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்கியது. அவனுக்குத் தெரியவில்லை. ஐந்து நாள் அதே காலோடு லோரி ஓட்டினான். வீட்டுச் சிமெண்டுத் தரையில் ஈரமாகப் பாதத் தடம் விழுவதை அவன் மனைவி விமலாதான் பார்த்தாள். ஒற்றைக் கால் தடம் மட்டும் மஞ்சளாக விழுந்தது.

திலகா அங்கே போய்ச் சேர்ந்தது அதற்கும் ஒரு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணனைப் பார்க்கப் போகவில்லை, அவனுக்குப் புண் இருப்பதே அவளுக்குத் தெரியாது. போனது தன் ஆய்வு விஷயமாக.

அந்த ஆய்வைச் சொல்லிவிட வேண்டும். ஐந்து வருஷமாகப் புக்கிட் ரோத்தான் முதல் தஞ்சோங் காராங் வரைக்கும் உள்ள தோட்டங்கள், மலாய்க்காரர்களின் கம்பத்துக் கிராமங்கள், வயல்காட்டு வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் ஆஸ்பத்திரிக்கு வந்த புண்களின் கிருமிகளை அவள் சேர்த்து வைத்திருந்தாள். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கிருமிகள், எண் போட்ட சின்னக் குப்பிகளில் உறைந்து கிடந்தன. எந்தெந்தக் கிருமி எந்தெந்த மருந்துக்கு அடங்க மறுக்கிறது, ஏன் மறுக்கிறது என்பதுதான் கேள்வி. மற்ற இடங்களில் கணக்கு ஏறக்குறைய நாட்டுக் கணக்கோடு ஒத்துப் போனது. ஒரே ஒரு இடம் மட்டும் வரைபடத்தில் கொப்புளம் மாதிரிச் சிவந்து நின்றது. அது செராயா தோட்டம், அவள் பிறந்த தோட்டம். அங்கிருந்து வந்த கால் புண்களில் மூன்றில் இரண்டு பழைய மருந்து எதற்கும் மசியவில்லை.

வீடு வீடாகப் போய் விசாரிக்க நித்தியா என்ற பெண்ணை அனுப்பினாள். நித்தியா செராயாவிலேயே பிறந்து வளர்ந்தவள், திலகாவிடம் ஆய்வு உதவியாளராக இருந்தாள். முப்பத்தொரு கேள்வி அச்சிட்ட பாரம், வீட்டுக்கு ஒரு தாள். அதில்தான் விஷயம் வெளியே வந்தது. தோட்டத்தில் யாரும் கிளினிக்கில் கொடுத்த கப்சூலை முழுசாகத் தின்று முடிப்பதில்லை. ஐந்து நாள் மருந்தில் மூன்று நாள் தின்பது, மீதி இரண்டு நாளுக்கு உள்ளதை அடுப்படியில் இருக்கும் மைலோ டின்னில் போட்டு வைப்பது. யார் வீட்டிலாவது புண் என்றால் டின் கைமாறும். "செவப்பு மஞ்சா இருக்கா? எங்க வீட்டுல பச்சைதான் இருக்கு" என்று கப்சூலின் நிறத்தைச் சொல்லிக் கேட்பார்கள். வாங்கிப் போய், கூட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளைப் புண்ணின் மேல் தூவிவிடுவார்கள். கிருமியைக் கொல்லாமல் சீண்டி விட்டுப் பழக்குவதற்கு இதைவிட நல்ல வழியைத் திலகாவே யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பதினேழாவது கேள்வி: இப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தவர் யார்? நாற்பத்தொரு வீட்டில் நித்தியா ஒரே பதிலை எழுதியிருந்தாள். 'படித்தவர் ஒருவர்.'

போன வருஷம் கோலாலம்பூரில் நடந்த மாநாட்டில் திலகா இதைத் திரையில் போட்டுக் காட்டினாள். நாற்பத்தொரு வீடு, படித்தவர் ஒருவர். "அந்தப் படித்தவரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றாள். அரங்கம் சிரித்தது. அவளும் சிரித்தாள். மருந்துக் கடைக்காரனாக இருக்கும், இல்லையென்றால் தோட்டத்தில் முன்பு மருந்து கட்டிய டிரெசராக இருக்கும் என்பது அவள் ஊகம். நித்தியாவைக் கேட்டால், "தெரியல டாக்டர், அப்படித்தான் சொன்னாங்க" என்று தரையைப் பார்த்தாள். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தானே கிளம்பிப் போனாள். போகிற வழியில் அண்ணன் வீட்டில் ஒரு தேநீர் குடிக்கலாம் என்று நுழைந்தாள்.

சுகுமாறன் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை முக்காலியில் நீட்டியிருந்தான். உள்ளங்காலில் ஐம்பது காசு அகலத்துக்குப் புண். அதன்மேல் வெள்ளைத் தூள் கெட்டியாக அப்பியிருந்தது. தரையில் விரித்த நாளிதழில் சிவப்பு மஞ்சள் கூடு இரண்டு கிடந்தது.

"அண்ணி, என்ன இது?" என்றாள் திலகா.

"மருந்துதான். ஏழு நாளா போடுறேன், இந்தத் தடவ என்னமோ கேக்க மாட்டேங்குது." விமலாவுக்குக் குரலில் கவலை இருந்தது, குற்றம் செய்த எண்ணம் கொஞ்சமும் இல்லை.

"யாரு இப்படிப் போடச் சொன்னது?" திலகாவுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. "எந்த மடையன் சொல்லிக் கொடுத்தான்? அவனைத்தான் நான் ஒரு வருஷமா தேடுறேன்!"

விமலா புருஷனைப் பார்த்தாள். சுகுமாறன் கூரையைப் பார்த்தான்.

"நீதான் திலகா" என்றாள் விமலா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. திலகாவுக்கு இருபது வயது, மருத்துவப் படிப்பில் முதல் வருஷ விடுமுறை. குலை வெட்டும் அரிவாள் நழுவி அண்ணனின் வலது முழங்காலுக்குக் கீழே கிழித்திருந்தது. அவள் பையில் தொண்டை வலிக்குப் பல்கலைக்கழகக் கிளினிக்கில் கொடுத்த கப்சூல் இருந்தது. கூட்டைப் பிரித்துத் தூவினாள். எங்கே படித்தாள், யார் சொன்னார்கள், ஒன்றும் நினைவில்லை. தானாகவே கண்டுபிடித்ததாகத்தான் அப்போது பெருமைப்பட்டாள். நான்கு நாளில் புண் ஆறிவிட்டது. அவள் அம்மா லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொன்னாள். எம்மவ டாக்டருக்குப் படிக்கிறா, இப்படித்தான் போடணுமாம். திலகா படிக்கத் திரும்பிப் போய்விட்டாள். தோட்டம் இருபத்தைந்து வருஷம் அவள் சொன்ன பேச்சைத் தட்டவில்லை.

"திலகா மருந்துன்னுதான் சொல்லுவோம்" என்றாள் விமலா. "ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

ஒரு கப்சூல் ஒரு தோட்டத்தைக் கெடுக்காது. கோழிப்பண்ணைத் தீவனம், கிளினிக்குகள் அள்ளிக் கொடுக்கும் மாத்திரை, ஆஸ்பத்திரி வார்டுகள், எல்லாம் சேர்ந்துதான் கிருமிக்கு இந்தத் தைரியம் வந்தது. இதை அவளே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள், அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் நாற்பத்தொரு வீடு. அந்தக் கணத்திலிருந்துதான் அவளுக்குள் ஏதோ நின்று போனது. அழவில்லை, வாதாடவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து புண்ணைக் கழுவிவிட்டாள். "இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வா" என்றாள். அவன் வரவில்லை. சனிக்கிழமை காய்ச்சலில் புலம்பத் தொடங்கிய பிறகுதான் விமலா வண்டி பிடித்துக் கொண்டுவந்தாள்.

வார்டில் சேர்த்த அன்று அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். காய்ச்சலில் கை கொதித்தது.

"காலை எடுக்கணும்னு பேசிக்கிறாங்க. எடுக்க விடாதே தங்கச்சி. காலு இல்லாம லோரி எப்படி ஓட்டுறது? அடுத்த வருஷம் குழி எப்படி எறங்குறது?"

"நான் பாத்துக்கிறேன் அண்ணே."

"ஒன் கையிலதான இருக்கு? லேப்புல நீதான பெரியவ?"

"நான் பாத்துக்கிறேன்."

அறுவை டாக்டர் ஹஃபிஸா நல்ல பெண், சுற்றி வளைக்கத் தெரியாதவள். திங்கட்கிழமை லேப்புக்கே வந்து மலாயில் விஷயத்தைச் சொன்னாள். கிருமி கணுக்காலைத் தாண்டி ஏறுகிறது. இப்போது ஏறும் மருந்து பிடிக்கவில்லை. கடைசியாக ஒரு பெரிய மருந்து இருக்கிறது, மெரோபெனம். அது இந்தக் கிருமியை ஓரளவாவது தொடும் என்று லேப் சொன்னால், அளவைக் கூட்டிக் கொடுத்து இரண்டு நாள் பார்க்கலாம். தொடாது என்றால் செவ்வாய் பதினொரு மணிக்குக் காலை எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் ரத்தத்தில் ஏறி ஆளையே கொண்டுபோய்விடும். அதற்கும் மேலே ஒரு மருந்து உண்டு, ஆனால் அது சிறுநீரகத்தைத் தின்னும். சுகுமாறனின் சிறுநீரகத்தில் பாதியை இனிப்புநீர் ஏற்கெனவே தின்றுவிட்டது.

ஆக, எல்லாம் இந்தப் பிளேட்டில் வந்து நின்றது. பழுப்புப் பாகு போன்ற தரை, அதன்மேல் கிருமி பால் ஆடை மாதிரிப் படர்ந்திருந்தது. நடுவே மருந்து தோய்த்த காகித வில்லைகள், ஒவ்வொன்றும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்று வளையம் விழும். வளையம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பதுதான் திலகாவின் பிழைப்பு. வில்லையின் அகலமே ஆறு மில்லிமீட்டர். ஆகையால் ஆறு என்றால் ஒன்றுமே இல்லை என்று பொருள்.

அவள் அளந்தாள். ஆறு. ஆறு. எட்டு. ஆறு. ஒன்பது. ஆறு. பதினொரு வில்லைகள் முடிந்தன. சிவப்பு மஞ்சள் கூட்டில் வரும் மருந்துக்கும் ஆறுதான்.

கடைசி வில்லை மெரோபெனம். அதைச் சுற்றி வளையம் இருந்தது. இருபத்துமூன்றும் அதற்கு மேலும் என்றால் மருந்து கேட்கும். இருபது முதல் இருபத்திரண்டு வரை என்றால் அளவைக் கூட்டிப் பார்க்கலாம். பத்தொன்பதும் அதற்குக் கீழும் என்றால் கேட்காது. அவள் பிளேட்டை விளக்குக்கு நேரே பிடித்து அளந்தாள். இருபது.

சந்தோஷம் வர வேண்டிய இடம். வரவில்லை, எதுவுமே வரவில்லை. பிளேட்டைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்து அளந்தாள். பத்தொன்பதரை போல இருந்தது. மறுபடி திருப்பினாள். இருபது என்றே வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த விதி நினைவுக்கு வந்தது. லேப்பின் சுவரில், விளக்குக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தது. வாசிப்பவருக்கு நோயாளியைத் தெரிந்திருந்தால் அவருடைய வாசிப்பு செல்லாது, இரண்டாமவர் வாசிக்கும் எண்ணே கணக்கு. நான்கு வருஷத்துக்கு முன்பு ஒரு ஊழியர் தன் மனைவியின் பிளேட்டைத் தானே வாசித்தபோது அவரைக் கண்டித்து எழுதிய விதி. கீழே கையெழுத்து அவளுடையது.

"ஈதன், இங்க வா" என்றாள். "இந்த வளையத்தை அளந்து தாள்ல எழுது. எனக்குச் சொல்லாதே, எழுதிக் கொடு."

ஈதன் லேப் ஊழியன், வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது, கை சுத்தம். பிளேட்டின் அடியில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தான். சுகுமாறன் த/பெ ரெங்கசாமி. அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தான். திலகா த/பெ ரெங்கசாமி. முகம் வெளுத்துப் போனது. ஒன்றும் கேட்காமல் பிளேட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். நெடுநேரம் திரும்பிக்கொண்டு நின்றான்.

தாளை மடித்துக் கொடுத்தான். பிரித்தாள். 19.

"டாக்டர், நான் மறுபடி பாக்கட்டுமா?" என்றான் ஈதன். "ஜன்னல்கிட்ட லைட் சரியில்ல. நீங்க எவ்வளவு பாத்தீங்க?"

"இருபது."

"அப்ப இருபதுன்னே போட்டுடலாம் டாக்டர். ஒரு மில்லிமீட்டர்தான் லா. யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கப் போவதில்லை. அது உண்மை. ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு நகத்தின் கனம். இருபது என்று தட்டினால் அண்ணனின் பெயர் பதினொரு மணிப் பட்டியலிலிருந்து போய்விடும். இரண்டு நாள் காலோடு இருப்பான். அவள் கொடுத்த வாக்கும் இரண்டு நாளுக்குக் காப்பாற்றப்படும்.

ஆனால் அவள் ஐந்து வருஷம் இதைத்தானே எண்ணிக்கொண்டிருந்தாள். இதே கிருமி, இதே எல்லையில் நின்ற பதினான்கு பேர் அவள் ஆய்வில் இருந்தார்கள். கேட்காத மருந்தைக் கேட்கும் என்று நம்பி நாள் தள்ளிய பதினான்கு பேர். ஐந்து பேர் வீட்டுக்குப் போனார்கள். அந்த ஐந்து பேரும் கால் இல்லாமல்தான் போனார்கள். செத்துப்போன மீதி ஒன்பது பேரின் பெயரை அவள் பார்த்ததில்லை, எண்களாகத்தான் தெரியும். அதில் பதினான்காவது வரிக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதும் இடம் காலியாக இருந்தது.

"ஒன் நம்பர்தான் கணக்கு" என்றாள் ஈதனிடம்.

கணினியில் பத்தொன்பது என்று அடித்தாள். எதிர்ப்பு உள்ளது என்பதைக் குறிக்கும் எழுத்து தானாகவே சிவப்பில் வந்து விழுந்தது. போனை எடுத்து ஹஃபிஸாவிடம் சொன்னாள். "உன் அண்ணன், இல்லையா?" என்றாள் ஹஃபிஸா. ஆமாம் என்றாள் திலகா. "கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். என் பேச்சைக் கேட்கவில்லை." நான் வருகிறேன் என்றாள் திலகா.

வார்டில் விமலா அவளைப் பார்த்ததுமே எழுந்து நின்றாள். முகத்தைப் பார்த்து ஏதாவது தெரியுமா என்று தேடினாள். அந்த முகத்தில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை.

"கேக்காது அண்ணே" என்றாள் திலகா. "மருந்து பத்தல."

சுகுமாறன் அவளையே பார்த்தான். "எவ்வளவு பத்தல?"

"ஒரு மில்லிமீட்டர்."

அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து நடுவில் சந்து விட்டுக் காட்டினான். "இவ்வளவா?"

"அதைவிடக் கம்மி."

விரல்களை நெருக்கினான். இன்னும் நெருக்கினான். இரண்டு விரலும் ஒட்டிக்கொள்ளும் வரை அவள் பேசாமல் இருந்தாள்.

"பாத்துக்கிறேன்னு சொன்னியே" என்றான்.

"பாத்தேன் அண்ணே."

அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினான். விமலா பேனாவை வைத்தாள். கையெழுத்துப் போட்டான்.

அவனை உள்ளே கொண்டுபோன பிறகு திலகா ஆஸ்பத்திரிக் கேன்டீனுக்குப் போய் ரொட்டி சானாய் இரண்டு வாங்கிச் சாப்பிட்டாள். பருப்புக் குழம்பு போதவில்லை, கேட்டு வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, லேப்புக்குத் திரும்பி, செராயா பாரங்களை வெளியே எடுத்தாள். நித்தியாவைக் கூப்பிட்டாள்.

"இது நான்தான்னு ஒனக்குத் தெரியுமா?"

நித்தியா உதட்டைக் கடித்தாள். "எங்க வீட்டுலயும் அந்த டின்னு இருக்கு டாக்டர். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சரி. பேனா எடு."

நாற்பத்தொரு பாரத்திலும் பதினேழாவது கேள்வியின் பதிலை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இருபத்தேழாவது பாரம் சுகுமாறன் வீட்டுடையது. அதிலும் எழுத்து நேராகவே விழுந்தது.

அண்ணன் பிழைத்துக்கொண்டான். காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியது. வெட்டிய இடத்தில் சீழ் இல்லை. ஹஃபிஸா லேப்புக்கு வந்து, சரியான நேரத்தில் எடுத்தோம், இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் ஆள் இல்லை என்றாள். திலகா தலையாட்டினாள். தொண்ணூற்றொன்பதில் அவள் தூள் தூவி ஆற்றிய அரிவாள் வெட்டின் தழும்பு முழங்காலுக்கு நான்கு விரல் கீழே இருந்தது. அதுவும் காலோடு போய்விட்டது. அதையும் ஒரு செய்தியாகத்தான் அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் மத்தியானம் விமலா போனில் கூப்பிட்டாள். "ஒங்கண்ணன் அழுவுறாரு. நர்ஸு ஊசி போட்டுட்டாங்க, நிக்கல. நீ வா திலகா."

அண்ணன் அழுது அவள் பார்த்ததில்லை. போனபோது அவன் தலையணையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருந்தான். வேர்த்து முகம் பளபளத்தது. போர்வை இடது பக்கம் கால் நீளத்துக்கு மேடாக இருந்தது. வலது பக்கம் முழங்காலோடு சரிந்து, அதற்குக் கீழே மெத்தையோடு மெத்தையாகக் கிடந்தது.

"எரியுது தங்கச்சி" என்றான்.

"எங்க அண்ணே? வெட்டுன எடத்துலயா?"

"இல்ல. உள்ளங்கால்ல."

திலகாவுக்குப் புரிந்தது. இல்லாத காலின் வலி, படித்திருக்கிறாள். காலை எடுத்தாலும் மூளைக்குள் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கும். செத்துக் கிடந்த நரம்பின் வெட்டுப்பட்ட முனை அங்கே கண்டபடி செய்தி அனுப்பும். இதையெல்லாம் அவனுக்குச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"பத்து வருஷமா சுடல" என்றான் அவன். வார்த்தைகள் விக்கி விக்கி வந்தன. "இப்பச் சுடுது. குழிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. நவுர முடியல."

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"அந்தப் பவுடரு போடேன்" என்றான். "அன்னைக்குப் போட்டியே. நீ போட்டா ஆறும். விமலா கையி ஒத்துக்கல."

"எங்க அண்ணே போடறது?"

அவன் தலையைத் தூக்காமல், தட்டையாகக் கிடந்த போர்வையின் கோடியைக் கைகாட்டினான். பாதம் இருந்திருக்க வேண்டிய இடம். விமலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

திலகா கட்டிலின் கோடியில் உட்கார்ந்தாள். கை தானாகவே போனது. இல்லாத கப்சூலை இரண்டு விரலால் பிடித்து, திருகிப் பிரித்து, அந்த வெற்றுப் போர்வையின் மேல் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துத் தேய்த்துத் தூவினாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

தூவினாள். போர்வையில் ஒரு சொட்டு ஈரம் விழுந்தது, பக்கத்திலேயே இன்னொன்று. தன் கண்ணிலிருந்துதான் விழுகிறது என்று அவளுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. துடைக்கக் கையை எடுத்தால் அண்ணன் கண்ணைத் திறந்துவிடுவான் என்று எடுக்காமல் தூவிக்கொண்டே இருந்தாள்.